ஜீப் அண்ணாச்சி நடத்திய கார் விசாரணை

தென்காசி மாவட்டத்திலேயே யாரையும் எதையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பழைய தெருவின் ஜீப் அண்ணாச்சிதான். பால்காரர் சிரித்தால் பாலை மோந்து பார்ப்பார். வானம் வெளுத்தால் குடையை எடுத்துக்கொள்வார். போலீஸ் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜீப்பைத் திருப்பி வாங்கிக்கொண்ட அரசாங்கம் சந்தேகத்தை அவரிடமே விட்டுவிட்டது.

நானும் லேசுப்பட்டவளில்லை. பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அதற்குக் காரணமும் இருந்தது. என் மகள் யாழினிக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும். வந்தால் திருநெல்வேலி டாக்டரிடம் ஓட வேண்டும். துபாயில் இருக்கும் என் கணவர், "பிள்ளைக்குப் புகை ஆகாது ஏட்டி" என்று சொல்லி, பழைய பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்க ஏற்பாடு செய்துவிட்டார். சரி என்றேன். சொன்ன பிறகு தூக்கம் போனது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால்? ஆலங்குளத்தில் யார் வீட்டு பிளக்கைத் தேடிப் போவேன்?

ஆகவே, பழைய காரை வாங்க வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்துவிட்ட புதுக் காரைப் பார்க்க ஜீப் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பயந்தவள் இன்னொரு பயந்தவரிடம் யோசனை கேட்டால் என்ன ஆகும் என்று அப்போது தெரியவில்லை.

அவர் முன்பக்க மூடியில் காதை வைத்தார். "ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி."

"சத்தத்தக் காணும்?"

"சத்தம் வராதாம்."

அவர் முகம் இறுகியது. "தாயி, சர்வீஸ் பூரா பாத்துட்டேன். கத்துதவன் ஒண்ணும் செய்ய மாட்டான். என்ன கேட்டாலும் வாயத் தொறக்காம உக்காந்திருப்பான் பாரு, அவனத்தான் முதல்ல சந்தேகப்படணும்."

மூடியைத் திறக்கச் சொன்னார். அங்கே சாமான் வைக்கும் சின்னப் பெட்டிதான் இருந்தது.

"எஞ்சினக் களவாண்டுட்டானுவ!" என்று தெருவே கேட்கக் கத்தினார். ஷோரூமுக்குப் போன் போட வைத்தார். அங்கே போனை எடுத்த பையன், "சார், இந்த வண்டி இப்படித்தான் சார்" என்றான்.

"பிடிபட்டவன் பூரா அப்படித்தாம்லே சொல்லுவான்!"

மறுநாள் கார் சார்ஜ் ஏறும்போது எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி பாக்குதிய?"

"கரண்டு உள்ள போகுது. சரி. போனது வண்டிக்குள்ள இருக்குன்னா வண்டி கனக்கணும்லா? டயர் ஒரு இஞ்சாவது அமுங்கணும்லா?"

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். வீட்டுக்குள் போய்க் கைபேசியில் தேடினேன்.

சீசன் வந்தது. என் மதினி ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். குற்றாலத்துக்குப் புதுக் காரில் போவோம் என்றாள். "துணைக்கு நான் பின்னால வாரேன்" என்று அண்ணாச்சி எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டார். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, எல்லோரும் செய்வதுபோல் சொட்டச் சொட்டக் காரில் ஏற வந்தார்கள். கதவை மறித்துக்கொண்டு அண்ணாச்சி.

"ஈரத்தோட ஒருத்தரும் ஏறப்படாது! கரண்டு வண்டி!"

"அண்ணாச்சி, இவ்வளவு நேரமும் மழையிலதான நிக்குது அது?" என்றாள் மதினி.

"மழை வெளிய நிக்குது. நீங்க உள்ள ஏறுதிய. காயட்டும், பொறவு ஏறுங்க."

சாரலில் நின்று யார் காய முடியும்? கடைசியில் குளித்த கூட்டம் முழுக்கப் பெட்ரோல் காரில் அடைந்துகொண்டு வந்தது. குளிக்காத நானும் யாழினியும் புதுக் காரில் ராணிகள் மாதிரி வந்தோம்.

அன்று முதல் நான் எங்கே போனாலும் பின்னால் அண்ணாச்சி. காய்கறி வாங்கவும் இரண்டு கார், பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு கார். பாதுகாப்பு அணிவகுப்பு என்று தெருவில் கேலி செய்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியில் அந்தப் பழைய கார் தெரியாவிட்டால், அது வரும்வரை ஓரமாக நிறுத்திக் காத்திருக்கவும் செய்தேன்.

மதினி ஊருக்குக் கிளம்பும் முன்பே, ஒரு மத்தியானம் யாழினிக்கு இரைப்பு கூடிவிட்டது. மருந்துக்குக் கேட்கவில்லை. மதினி பிள்ளையோடு பின்னால் ஏற, நான் ஓட்டினேன். வழக்கம்போல் அண்ணாச்சி வந்தார். பாவூர்சத்திரம் தாண்டியதும் கண்ணாடியில் அவரைக் காணவில்லை. என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. போன் அடித்தது. மதினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாயி, நிறுத்தாத! இந்தப் பழையவன் படுத்துட்டான். ஒரே புகை. நீ போ!"

"அண்ணாச்சி, நான் தனியா... சார்ஜு..."

"போன்னு சொல்லுதேன்லா! அது போவும்! பிள்ளையப் பாரு, போ!"

போனேன். போய்ச் சேர்ந்தும்விட்டேன். ஆவி பிடிக்கும் கருவியை முகத்தில் வைத்ததும் யாழினியின் மூச்சு மெல்ல அடங்கியது. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பஸ் பிடித்து அண்ணாச்சி வந்து சேர்ந்தார். "சரியாயிட்டு அண்ணாச்சி" என்றேன். என்னை நம்பவில்லை. கட்டிலருகே நின்று பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுக்கு ஜாமீன் குடுக்கலாம் தாயி. கண்டிசன் ஜாமீன்தான்."

"அப்ப போன்ல மட்டும் அது போவும்னு சொன்னியளே?"

"பொய்தான் சொன்னேன். பொறவு என்னத்தச் சொல்ல?"

ஊர் திரும்பச் சார்ஜ் போதும் என்றுதான் காட்டியது. நான் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே கிளம்பினேன். அண்ணாச்சிக்கு அந்தக் காரில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. முன் இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்து, கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். ஆலங்குளம் வரும் முன் அந்தக் கை தளர்ந்து மடியில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்து குறட்டை வந்தது.

முன்னால் ஒரு வைக்கோல் லாரி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தால் வழி விட்டிருப்பான். அடிக்காமல், தென்காசி வரை அதன் பின்னாலேயே மெதுவாக வந்தேன்.