மிஸ்டர் ஹில்லுக்கு யாருமில்லை

"மிஸ்டர் ஹில் தனியாக இருக்கிறார். மிஸ்டர் ஹில் டப்பா சூப்பைச் சூடாக்குகிறார். இரண்டு தட்டு எடுக்கிறார். பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கிறார்."

இந்த நாலு வரியை ஆர்னே திக்கித் திணறி வாசித்து முடித்தபோது வகுப்பில் இங்கர் கைக்குட்டையைத் தேடினாள். ஸ்வென் தொண்டையைச் செருமினார். வாத்தியார் காலின் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆர்னே துறைமுகத்தில் வெல்டர். அவன் வேலை பார்க்கும் பட்டறையை வசந்தம் வந்ததும் மூடப்போகிறார்கள். கடலில் காற்றாலை நிறுவும் கப்பலில் இடம் இருக்கிறது, ஆனால் நேர்காணல் ஆங்கிலத்தில். போன தடவை "நலமா?" என்று கேட்டதற்கே வேர்த்துக் கொட்டி எழுந்து வந்துவிட்டான். எங்கள் டென்மார்க்கின் எஸ்பியர் நகரத்தில் பால்குடி மறக்காத குழந்தைகூட ஆங்கிலம் பேசும். பேசாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து நடத்துவதுதான் இந்தத் திங்கட்கிழமை வகுப்பு. அதற்கு வாத்தியாரும் ஒரே ஒருத்தர், இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து வந்த காலின். அவர் போனால் வகுப்பும் போச்சு, ஆர்னேயின் கப்பலும் போச்சு.

வகுப்புக்குள் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. தெரிந்த ஆங்கிலமோ அன்றைய தாளில் இருப்பது மட்டும். அதனால் வாத்தியாரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். மேற்கு ஜட்லாந்தில் ஒருத்தர் வீட்டு விவகாரத்தை நேராகக் கேட்பது அவர் பைக்குள் கை விடுவதற்குச் சமம். நாங்கள் சுற்றி வளைத்துத்தான் போவோம், சுவரில் முட்டிக்கொண்டாலும் சரி.

இடைவேளையில் தாழ்வாரத்தில் கூடினார்கள்.

"பார்த்தியா, வாசிக்கறப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு," என்றாள் இங்கர். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். கண்ணாடியில் பார்த்தே ஊர் மனசைப் படித்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்வாள். "அவரு கதையைத்தான் எழுதறாரு. பாவம் மனுஷன்."

"ரெண்டு தட்டு எடுத்து ஒண்ணைத் திரும்ப வைக்கறதெல்லாம் கற்பனையில வராது. பட்டவனுக்குத்தான் வரும்," என்றார் ஸ்வென். பன்றிப் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பொழுது போகாமல் படிக்க வந்தவர்.

"தனிமை தாங்காம ஊருக்குக் கிளம்பிட்டாருன்னா என் கதி?" என்றான் ஆர்னே.

"உனக்கு உன் கப்பல்தான்," என்றாள் இங்கர்.

"கப்பலும்தான், மனுஷனும்தான். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் கவலைப்படறேன்."

அப்போது பள்ளி அலுவலகத்து ரிக்மோர் காபி பிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தாள். "பாடம் எப்படிப் போகுது?" என்றாள்.

"மோசமில்லை," என்றான் ஆர்னே. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. ரிக்மோர் காது சிவக்க உள்ளே போனாள்.

மறுநாள் மாலை ஆர்னே, ஸ்வென் கொடுத்த கறியில் ஒரு பானை நிறைய உருண்டை பொரித்து, பழுப்புக் குழம்பும் உருளைக்கிழங்குமாக காலின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தான்.

அடுத்த திங்கள் காலின் வகுப்பை ஒருமாதிரி பார்த்தார். "என் வீட்டு வாசலில் யாரோ இறைச்சி வைத்திருக்கிறார்கள். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டு நாய் சாப்பிட்டது. நாய் இப்போது மருத்துவரிடம் இருக்கிறது."

"நாய். மருத்துவர்," என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

"கூச்சப்படறாரு," என்று இங்கர் தாழ்வாரத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

அன்றைய தாளில், மிஸ்டர் ஹில்லின் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மிஸ்டர் ஹில் அதைச் சரிசெய்யவில்லை. வீட்டில் அது ஒன்றுதான் பேசுகிறது என்றிருந்தது.

சனிக்கிழமை ஆர்னே கருவிப்பெட்டியோடு காலின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

"குழாய்," என்றான் ஆங்கிலத்தில்.

"குழாய் நன்றாக இருக்கிறதே," என்றார் காலின்.

சுயமரியாதைக்காரர், உதவி என்று கேட்க வாய் வராது. ஆர்னே அவரைப் பாசத்தோடு ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். குழாயில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கோளாறு உள்ளே இருக்கும் என்று கழற்றினான். பழைய வீடு, பழைய இணைப்பு. கழன்ற குழாய் கையோடு வந்தது, தண்ணீர் கூரையைத் தொட்டது.

"சரிசெய்யலை. ஆனா ஒழுகறது நின்னுடுச்சு," என்று திங்களன்று தாழ்வாரத்தில் அறிக்கை கொடுத்தான். "வீட்டுல தண்ணியே இல்லை இப்போ."

"அவரு என்ன சொன்னாரு?"

"நிறையச் சொன்னாரு. இன்னும் பாடத்துல வராத வார்த்தையா இருந்துச்சு."

அன்றைய தாள்தான் எல்லோரையும் சாய்த்தது. "வியாழக்கிழமை மிஸ்டர் ஹில்லுக்கு ஐம்பது வயது. மிஸ்டர் ஹில் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?"

ஐம்பதாவது பிறந்தநாளை ஒருத்தன் தனியாகக் கழிப்பதா! எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"விடியறதுக்குள்ள வாசல்ல பச்சை வளைவு கட்டணும்," என்றான் ஆர்னே. "கொடி வேணும். பாட்டு வேணும்."

"என் மச்சான் டிரம்பெட் வாசிப்பான்," என்றார் ஸ்வென்.

"மெதுவாப் பேசுங்க," என்று இங்கர் அதட்டினாள். காபி ஊற்றிக்கொண்டிருந்த ரிக்மோர் ஒன்றும் காதில் விழாதவள் போலச் சர்க்கரைக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

வியாழன் விடியற்காலை, காலின் வீட்டுக் கதவைச் சுற்றித் தேவதாரு கிளைகளால் வளைவு எழுந்தது. உச்சியில் தங்கத்தாள் ஒட்டிய பெரிய '50'. டிரம்பெட் முழங்கியது. வகுப்பு மொத்தமும் தொண்டை கிழியப் பாடியது. தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன.

காலின் போர்வையோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு போர்வையோடு ஒரு பெண் வந்தாள்.

பாட்டு பாதியில் நின்றது. டிரம்பெட்டுக்கு மட்டும் விஷயம் புரியவில்லை.

"இவரு தனியா இல்லையே," என்று இங்கர் முணுமுணுத்தாள்.

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். "ஐம்பதா?"

"ஐம்பதா? யார் சொன்னது? எனக்கு நாப்பத்து நாலுதான்!" என்று கத்தினார் காலின்.

"முப்பத்தொன்பதுன்னு சொன்னியே?"

அவள் உள்ளே போனாள், உடை மாற்றினாள், சைக்கிளை எடுத்தாள், வளைவுக்கடியில் குனிந்து போயே விட்டாள். வளைவு கட்டினவர்களை உள்ளே கூப்பிட்டு வீட்டுக்காரர் காலை உணவு கொடுப்பது வழக்கம். அதனால் இவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள்.

"இப்போ தனியாத்தான் இருக்காரு," என்றார் ஸ்வென், திரும்பி வரும்போது.

திங்களன்று வகுப்பறை மேசையில் பிறந்தநாளுக்குக் குத்துகிற சின்னக் கொடிகளோடு பெரிய கேக் இருந்தது, ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. ஏது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சாப்பிட்டார்கள்.

காலின் வந்தார். சவரம் செய்யாத முகம். தாளைக் கொடுத்தார். ஆர்னே வாசித்தான்.

"மிஸ்டர் ஹில் ஒரு டிக்கெட் வாங்கினார். போவதற்கு மட்டும். மிஸ்டர் ஹில் போனது யாருக்கும் தெரியாது."

பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றை அன்று செய்தான். எழுந்து நின்று நேராகக் கேட்டான், அதுவும் ஆங்கிலத்தில்.

"மிஸ்டர் ஹில், தயவுசெய்து போகாதீர்கள்! எங்களுக்கு நீங்கள் வேண்டும்!"

"யாரைச் சொல்கிறாய்?"

"உங்களை. சூப் நீங்கள். குழாய் நீங்கள். ஐம்பது நீங்கள்."

காலின் அந்தத் தாளைப் பார்த்தார், ஆர்னேயைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"கறி, வெள்ளம், டிரம்பெட்... எல்லாம் இந்த ஹில்லுக்காகவா? இதையெல்லாம் நான் எழுதவே இல்லை, ஐயா! திங்கட்கிழமை வந்தால் காபியோடு இந்தத் தாளும் மேசையில் இருக்கும், எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். நான் எங்கேயும் போவதாக இல்லை. என் காதலி இருந்தாள், என் குழாய் இருந்தது!" கோட்டை மாட்டினார். "இப்போது ஒன்றும் இல்லை. இப்போது போகிறேன்!"

கதவு அறைந்து மூடியது. அவர் பேசியதில் ஒரு வார்த்தை விடாமல் அத்தனையும் புரிந்துவிட்டது என்பதை ஆர்னே அப்போது கவனிக்கவில்லை.

கால் போன போக்கில் அலுவலகத்துக்குப் போய், ரிக்மோர் எதிரே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"வாத்தியார் போயிட்டாரு. வகுப்பு முடிஞ்சுது. என் கப்பலும் போயிடுச்சு."

ரிக்மோர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், என்ன ஆச்சு?"

பானையிலிருந்து டிரம்பெட் வரை ஒன்று விடாமல் கொட்டினான். "கிண்டலுக்குப் பண்ணலை, ரிக்மோர். அந்த மிஸ்டர் ஹில்லுக்கு ஒருத்தருமே இல்லையேன்னு ராத்திரி தூக்கமே வரலை எனக்கு. கடைசியில அவரு யாருன்னே தெரியலை. எங்கேயோ ஒருத்தர் பெட்டியைக் கட்டிக்கிட்டு இருக்காரு, போறதுக்குள்ள ஒரு வாய் காபியாவது குடுத்திருக்கலாம்."

ரிக்மோர் மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஏதோ இரண்டு பொத்தானைத் தட்டினாள்.

"திங்கக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லுங்க, இனிமே பாடத்தை நான் நடத்தறேன்," என்றாள். "மிஸ்டர் ஹில் எங்கேயும் போகலை, டிக்கெட்டை இப்பத்தான் ரத்து பண்ணேன்."