ஃப்ரீவீல் தாலாட்டு

ஒரு காலில் சைக்கிள் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ், தலையில் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்தான் எக்ஸ்பிரஸ். ஞாயிற்றுக்கிழமை காலை. மணி ஐந்து ஐம்பது.

சக்கரம் டிரிக்டிரிக்டிரிக் என்று ஓடியது. தொட்டிலில் பதினான்கு மாதப் பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஐந்து வயது மகள் தொட்டிலை ஒட்டி உட்கார்ந்து, கொசுவலைக்குள் கையை விட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யானை அப்புறம் என்ன பண்ணுச்சுப்பா?"

"சைக்கிளைத் தலைகீழா கவுத்துப் போட்டுச்சு. டயரைக் கழட்டுச்சு. ட்யூபை வாளித் தண்ணியில முக்குச்சு."

"முட்டை முட்டையா வந்துச்சா?"

"வந்துச்சு."

அந்த யானைக்குப் பங்சர் ஆகி நாலு வாரம் ஆகிவிட்டது. சொல்பவனின் ஒரு கண் சக்கரத்திலும் மறு கண் கடிகாரத்திலும் இருந்தால் கதை வேறு எப்படி நகரும்?

எக்ஸ்பிரஸ் என்ற பெயரைச் சைக்கிள் குழுவில் யாரும் அவனுக்கு வைக்கவில்லை. அவனே வைத்துக்கொண்டு, எல்லாரும் அப்படிக் கூப்பிடும்வரை விடாமல் நினைவூட்டினான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை. வாரத்தில் ஆறு நாளும் நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, ஞாயிறு காலை மட்டும்தான் நிற்காமல் போகக் கிடைத்த நேரம். அந்த ஒரு காலைக்காக மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டான் என்றே சொல்லலாம்.

அதற்கும் நாலு வாரமாக ஆப்பு. ஒரு ஞாயிறு, கிளம்பும் முன் அவன் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பையன் வீல் வீலென்று அழுதான். எதேச்சையாகப் பின்சக்கரத்தைச் சுழற்றினான். சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஃப்ரீவீலின் டிரிக்டிரிக் கேட்டதும் பையன் கப்சிப்.

"ஏங்க, அதை நிறுத்தாதீங்க" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். வாரம் முழுக்க அடுத்தவர்களின் ரத்தத்தோடு போராடிவிட்டு ஞாயிறு ஒருநாள்தான் எட்டு மணிவரை தூங்குவாள். அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது உடம்புக்கு நல்லதல்ல. அவன் உடம்புக்கு.

நிறுத்தினால் அழுகை, சுழற்றினால் தூக்கம். அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் ஞாயிறுதோறும் தரையில் உட்கார்ந்தே பயணம் செய்தான். இதில் ஒரே ஆறுதல் மகள்தான். பள்ளி நாட்களில் ஏழு மணிக்குக் குண்டுக்கட்டாகத் தூக்கினாலும் எழுந்திருக்காதவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருட்டோடு எழுந்து தம்பிக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவாள். அக்கா என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே பெருமை.

ஆனால் இன்றைக்குப் பெருமைப்பட நேரமில்லை. அடுத்த மாதம் நாலு பேர் அணிப் போட்டி. அதற்கான தேர்வு ஓட்டம் இன்று காலை ஏழு மணிக்கு, ஏரிக்கரைச் சாலையில். குழுவின் கேப்டன் நேற்றே போன் செய்து சொல்லிவிட்டார்: "நாலு வாரம் வரல. நாளைக்கும் வரலைன்னா உன் இடம் பல் டாக்டருக்கு."

பல் டாக்டருக்கா? மேட்டில் மூன்று முறை இறங்கித் தண்ணீர் குடிக்கும் மனிதருக்கா? எக்ஸ்பிரஸுக்கு நெஞ்சு எரிந்தது. அதனால்தான் இரவோடு இரவாக மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான்.

சக்கரத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் போனில் பதிவு செய்தான். மனைவியின் போனுக்கு அனுப்பி, முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி ஓடவிட்டுத் தொட்டிலுக்கு அடியில் வைத்தான். மற்ற ஷூவையும் மாட்டினான். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் படியிறங்கினான். கீழே நின்று இரண்டு டயருக்கும் நிதானமாகக் காற்றடித்தான்.

வாசல் கேட்டைத் தொட்டதும் மாடியிலிருந்து வீல் என்று ஒரு சத்தம்.

"அப்பா!" மகள் பால்கனியில் நின்றாள். "தம்பி அழுறான்பா!"

மேலே ஓடினான். அங்கே அழுகையைவிடப் பெரிய ஆபத்து காத்திருந்தது. தலைமுடி கலைந்து, பாதிக் கண் மூடியபடி மனைவி நடுக்கூடத்தில் நின்றாள்.

"என்னங்க இது? நிமிஷத்துக்கு ஒரு தடவை இவ மூச்சா வருதுங்கிறா. கூட்டிட்டுப் போனா வரலைங்கிறா. ரெண்டு தடவை போயாச்சு."

"நான் சொல்லவே இல்லைம்மா" என்றாள் மகள்.

"இப்பதானேடி சொன்ன!"

தொட்டிலுக்கு அடியில் டிரிக்டிரிக் நின்றது. "அப்பா, மூச்சா வருது!" என்றது போன், மகளின் குரலில், கணீரென்று. பதிவு செய்தபோது அவள் பக்கத்தில் இருந்தது எக்ஸ்பிரஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

மனைவி போனைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு பையனைத் தூக்கித் தட்டிக்கொடுத்தபடி, "இடது கையைப் பாருங்க, மறுபடியும் கொசு கடிச்சிருக்கு. வலை கட்டியும் எப்படித்தான் உள்ள போகுதோ, தேடித் தேடி இந்தக் கையைத்தான் கடிக்குது" என்று சொல்லி அவனிடம் நீட்டினாள். "இன்னொரு தடவை நான் எழுந்திரிச்சேன்னா, அந்தச் சைக்கிளை நானே கழட்டி ஒவ்வொரு பாகமா பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுருவேன்." கதவு மூடிக்கொண்டது.

மணி ஆறு ஐந்து. பதிவு செய்த சத்தம் போலி. குழந்தைக்கு அசல் வேண்டும் என்று முடிவு கட்டினான் எக்ஸ்பிரஸ். லிஃப்ட்டையே ஓடவைப்பவனுக்குச் சக்கரம் எம்மாத்திரம்? பரணில் கிடந்த உபரிச் சக்கரத்தை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினான். அதன் பல்சக்கரம் கூடச் சேர்ந்து சுற்றாமல் இருக்கச் செயின் துண்டால் இழுத்துக் கட்டினான். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே அட்டை இறகுகளைச் செருகி, எதிரே மேசை விசிறியை வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டான்.

டிரிக்டிரிக்டிரிக்! ஆளில்லாமல் சக்கரம் ஓடியது. பையன் கண் சொருகினான். எக்ஸ்பிரஸுக்குத் தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அப்ப நீ போயிருவியாப்பா?" என்றாள் மகள்.

"ஒம்பது மணிக்கு வந்துருவேன் கண்ணு. தம்பியைப் பாத்துக்கோ."

"பாத்துக்கிறேன்" என்றாள் அவள், கொசுவலைக்குள் கையை விட்டபடி.

இந்த முறை கேட்டைக்கூடத் தொடவில்லை. பாதிப் படியிலேயே வீல் சத்தம். திரும்பி ஓடிவந்தவன் வாசலிலேயே சிலையானான். விசிறிக் காற்றில் பறந்த கொசுவலையின் ஒரு முனை சக்கரத்தில் மாட்டி, வலை முழுவதும் சுருண்டு சுருண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. கொக்கி பிடுங்கிக்கொண்டது. ஸ்டாண்ட் தத்தித் தத்தி நகர்ந்து, விசிறியை ஒரு இடி இடித்து, செருப்பு அலமாரியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. பன்னிரண்டு ஜோடிச் செருப்புகளும் தரையெங்கும் சிதறின.

படுக்கையறைக் கதவு திறந்தது. எக்ஸ்பிரஸ் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டான்.

ஆனால் மனைவி கத்தவில்லை. கத்தும் கட்டத்தைத் தாண்டியிருந்தாள். "ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள், மிக மென்மையாக. "எங்க வேணாலும் போங்க. எட்டரை மணி வரைக்கும் இந்த வீட்டுல மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேக்கக் கூடாது."

சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற, இரண்டு குழந்தைகள் உட்காரும் வலைக்கூண்டு வண்டி ஒன்று வீட்டில் இருந்தது. மனைவியின் பிறந்தநாளுக்கு எக்ஸ்பிரஸ் ஆசையாசையாக வாங்கிக் கொடுத்த பரிசு. அவள் அதில் அழுக்குத் துணி போட்டு வைத்திருந்தாள். துணியைக் கொட்டிவிட்டுக் குழந்தைகளை உட்கார வைத்து, வார் போட்டு, குட்டி ஹெல்மெட்டுகளையும் மாட்டினான். சத்தத்துக்குச் சத்தமும் ஆயிற்று, ஓட்டத்துக்கு ஓட்டமும் ஆயிற்று. இவ்வளவு சுலபமான வழி நாலு வாரமாக ஏன் தோன்றவில்லை?

தெருமுனை தாண்டியதும் ஏன் என்று தெரிந்தது.

சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் தெரிந்த விஷயம்தான். பெடலை மிதிக்கும்போது ஃப்ரீவீல் வாய் திறக்காது. மிதிப்பதை நிறுத்தினால்தான் பேசும். எக்ஸ்பிரஸ் நாலு மிதி மிதித்தான். பின்னால் வீல்! மிதிப்பதை நிறுத்தினான். டிரிக்டிரிக். அமைதி.

"யானை அப்புறம் என்ன பண்ணுச்சுப்பா?"

"அது... உப்புத்தாளை எடுத்து ட்யூபைத் தேய்ச்சுச்சு கண்ணு..."

வண்டி வேகம் குறைந்து ஆடியது. வேறு வழியில்லாமல் மிதித்தான். மூச்சு வாங்கியது. கதை நின்றது. வீல்!

இப்படி மிதித்தும் நின்றும், அழவிட்டும் தூங்கவிட்டும் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழடிக்க ஒரு நிமிடம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க நின்ற கேப்டன், சைக்கிளையும் பின்னால் தொடர்ந்த கூண்டையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா, குடிமாறிப் போறியா?"

"வந்துட்டேன்ல கேப்டன்?"

சற்றுத் தள்ளி, புத்தம்புது மஞ்சள் உடையில், கையுறை வரைக்கும் மாட்டிக்கொண்டு பல் டாக்டர் தயாராக நின்றார். "உடம்பு முடியலைன்னா சொல்லுங்க எக்ஸ்பிரஸ், கூச்சப்படாதீங்க" என்றார் அன்பொழுக.

அணியில் கேப்டன், டைல்ஸ் கடைக்காரர், வேதியியல் வாத்தியார், எக்ஸ்பிரஸ் என்று நாலு பேர். நாலாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும் என்பது போட்டி விதி. அதனால் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. கேப்டன் விசில் ஊதினார். எக்ஸ்பிரஸ் எழுந்து நின்று மிதித்தான். வீல்! ஏரியில் மேய்ந்த கொக்குகள் எல்லாம் பறந்தன.

"என்னாச்சு?" என்று பதறினார் டைல்ஸ் கடைக்காரர்.

"நான் மிதிச்சா என் பையன் அழுவான் சார்."

"மிதிக்காம எப்படி ஓட்டுவ?"

அந்தக் கேள்விக்குக் கேப்டனிடம்தான் பதில் இருந்தது. அவர் எக்ஸ்பிரஸின் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். டிரிக்டிரிக். அழுகை நின்றது. கேப்டனின் கை ஓய்ந்ததும் வாத்தியாரின் கை. வாத்தியார் ஓய்ந்ததும் டைல்ஸ் கடைக்காரரின் கை. எக்ஸ்பிரஸ் பல்லக்கில் போகும் மகராசனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் திரும்பிக் கதை சொல்லிக்கொண்டே போனான்.

"யானை பசையைத் தடவி, ஒட்டுத் துண்டை எடுத்து..."

"பசை காயணும்" என்றார் டைல்ஸ் கடைக்காரர், நாக்குத் தள்ள. "உடனே ஒட்டினா பிடிக்காது."

"யானை ஊதிக் காய வச்சுச்சு."

"தும்பிக்கையாலயா?" மகள் கைகொட்டிச் சிரித்தாள். இத்தனை நாளில் அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

இரண்டு சுற்று முடிந்தது. கோட்டைத் தாண்டியதும் மூன்று பேரும் புல்தரையில் மல்லாந்தார்கள். எக்ஸ்பிரஸுக்கு மட்டும் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்து, பல் டாக்டர் காலைத் தூக்கிச் சைக்கிளில் போட்டேவிட்டார்.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்து, மூச்சு வாங்கி, மறுபடி பார்த்தார். "பத்து வருஷத்துல நான் இப்படி உழைச்சதே இல்லய்யா. இவனையும் ரெண்டு பிள்ளைங்களையும் தள்ளியே இந்த நேரத்துல வந்தோம்னா, தனியா போனா பிச்சு உதறிடுவோம். எக்ஸ்பிரஸ், உன் இடம் உனக்குத்தான். வாராவாரம் இதே பயிற்சி!"

பல் டாக்டரின் கால் மெதுவாகக் கீழே இறங்கியது.

நாலு வாரமாக எந்த வார்த்தைக்காக ஏங்கினானோ அது கிடைத்துவிட்டது. எக்ஸ்பிரஸ் கூண்டுக்குள் பார்த்தான். பையன் கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோட்டோடு அசந்து தூங்கினான். தன் சக்கரத்தின் சத்தத்துக்காக இந்தப் பிஞ்சு எப்படித் தவிக்கிறது! பெற்றவன் ஓட்டம் ஓட்டம் என்று அலைவதா? அவனுக்கு உள்ளே ஏதோ உருகிற்று.

"வேணாம் கேப்டன்" என்றான். "டாக்டரே ஓட்டட்டும். என் பையனுக்கு என் சக்கரச் சத்தம் இல்லாம தூக்கம் வராது. அவன் வளர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலதான்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டைல்ஸ் கடைக்காரர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "அப்பான்னா நீதான்யா அப்பா" என்றார். எக்ஸ்பிரஸ் தியாகிக்கு உரிய அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

பல் டாக்டருக்குச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குழந்தையைக் கொஞ்சலாம் என்று கூண்டுக்குள் குனிந்தார். "அடடா, இடது கையெல்லாம் இப்படிச் சிவந்திருக்கே. கொசுவா?"

மகள் அவரைக் கவனிக்கவில்லை. தம்பியின் அந்தக் கையை மெல்லத் தடவிக்கொடுத்து, அவன் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இனிமே அக்கா கிள்ளவே மாட்டேன்டா தங்கம், அப்பாதான் கதை சொல்ல வீட்டுலயே இருக்கப் போறாரே!"