ஒரு பிற்பகலில் ஒழிந்த வேலையின்மை

ஒரு தொழிற்சாலைகூடத் திறக்காமல், மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில், ஒரு தேசத்தின் வேலையில்லாத் திண்டாட்டத்தையே ஒழித்துக்கட்டிய மேதை உலகத்தில் ஒருவர்தான். அவர் தலைமைப் பொருளாதார ஆலோசகர். இதை அமைச்சரவை ஒருமனதாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாமல் மிச்சம் இருந்தவள் அவருடைய மனைவி மட்டுமே.

அவர் ஏறிவந்த படிகள் அவளுக்கு அத்துப்படி. சின்ன அதிகாரியாக இருந்தபோது வறட்சியை நீக்கினார். அதற்கு 'ஒத்திவைக்கப்பட்ட மழை' என்று பெயர் சூட்டினார். வாசலுக்குக் கார் வந்தது. பிறகு பசியை நீக்கினார். டீ குடித்தவரெல்லாம் 'உணவருந்தியவர்' ஆனார்கள். காருக்கு டிரைவர் வந்தார். கடைசியாக வேலையின்மை. கணக்கெடுப்பவர்களைப் பட்டப்பகலில் வீடு வீடாக அனுப்பினார். வீட்டில் இருந்தவன் வேலை தேடவில்லை. ஆகவே வேலையில்லாதவன் அல்ல. வேலை தேடி அலைந்தவன் வீட்டில் இல்லை. ஆகவே கணக்கிலேயே இல்லை. முடிவு: பூஜ்யம்.

பூஜ்யம் கண்ட வீட்டில்தான் பெண்ணின் கல்யாணம் நின்றுபோயிருந்தது. மகள், தன்னோடு படித்தவனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்றாள். அப்பாவோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

"வேலைவெட்டி இல்லாதவனுக்கா என் பொண்ணு?" என்றார் ஆலோசகர்.

"அப்படி ஒருத்தரும் நாட்டுல இல்லைன்னீங்களே?" என்றாள் மனைவி.

"அது நாட்டுக்கு. இது வீட்டுக்கு."

அன்றைக்கு அமைச்சரே நேரில் வந்திருந்தார். திட்டக்குழுத் தலைவர் பதவியை ஆலோசகருக்கே தரப்போவதாகச் சொல்லி, டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, சான்றிதழ்ப் பையோடு ஒரு வாலிபன் உள்ளே வந்தான். மகளோடு படித்தவன்தான், பெண் கேட்க வந்திருந்தான். இன்றைக்கு அமைச்சர் கோபித்துப் பதவி கைநழுவினால் இந்தக் கல்யாணம் இனி என்றைக்கும் இல்லை என்று மனைவிக்குத் தெரியும்.

"தம்பி என்ன பண்றாப்ல?" என்றார் அமைச்சர்.

"வேலை தேடிட்டு இருக்கேன், ஐயா."

பிஸ்கட் டீக்குள் முழுகியது.

"தேடுறியா? ஒருத்தர்கூட தேடலைன்னு இப்பதானய்யா சபையில சொல்லிட்டு வர்றேன்!" அமைச்சர் குரலைத் தணித்தார். "நாளைக்கு மட்டும் தேடாம இருக்கமுடியுமா?"

"நாளைக்கு இன்டர்வியூ இருக்குங்களே, ஐயா."

எத்தனையோ லட்சம் பேரைக் கண்ணில் படாமல் ஆக்கிய ஆலோசகர், சோபாவுக்கு எதிரே நின்ற ஒருவனை என்ன செய்வது என்று தெரியாமல் திணறினார். கண் கதவோரம் நின்ற மகள்மேல் விழுந்தது.

"இவர் வேலைல இருக்கார், ஐயா!"

"என்ன வேலை?"

"எங்க வீட்டு மாப்பிள்ளை."

"முழுநேரமா?"

"ராத்திரி பகல் பாக்காம!"

"தற்காலிகமா, நிரந்தரமா?"

"நிரந்தரம்!" என்றாள் மகள், அப்பாவை முந்திக்கொண்டு.

அமைச்சருக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி, 'பணி நியமனத்துக்கு' வாழ்த்துச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மனைவிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவர் உருப்படியாக ஒருவனுக்கு வேலை போட்டுக்கொடுத்தது இன்றைக்குத்தான்.

அமைச்சரை வழியனுப்ப ஆலோசகரும் மனைவியும் வாசலுக்கு வந்தபோது, கேட்டுக்கு வெளியே இளைஞர் கூட்டம் ஒன்று நின்றது. ஒவ்வொருவன் கக்கத்திலும் ஒரு சான்றிதழ்ப் பை.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் ஆலோசகர், கார் மறைந்ததும்.

"மாப்பிள்ளை கூடப் படிச்சவங்க. அவங்களும் வேலை தேடுறாங்க."

"அதெல்லாம் சமாளிச்சுடலாம். ஒருத்தனைச் சமாளிச்சதைப் பாத்தேல்ல?"

"பாத்தேங்க," என்றாள் மனைவி. "ஆனா நாம ஒரே ஒரு பொண்ணைத்தானே பெத்திருக்கோம்!"