போட்டி: பூஜ்யம்

மனிதகுலம் பூட்டைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை. பூட்டைப் பற்றி மாதம் எத்தனை பேர் இணையத்தில் தேடுகிறார்கள் என்று சொல்லும் மென்பொருளைக் கண்டுபிடித்தது அதைவிடப் பெரிய சாதனை. இதை ஐயமற உணர்ந்தவர் பூட்டுக்காரர். அதனால்தான் ஏழு மாதங்களுக்கு முன் கடையை மூடிவிட்டுப் பின்னறையில் கணினி முன் அமர்ந்தார்.

ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்த மென்பொருள் இரண்டு எண்கள் தரும். தேடுகிறவர்கள் எத்தனை, போட்டிக்கு எத்தனை. முன்னது கூடவும் பின்னது குறையவும் இருந்தால் அங்கே இணையதளம் தொடங்கலாம். விளம்பர வருமானம் தானே வரும். முடி உதிர்தல், முதுகுவலி, நாய்க்குட்டி வளர்ப்பு ஆகிய துறைகளை அவர் 'ஆய்வு' செய்து நிராகரித்தார். எங்கும் கூட்டம்.

நேற்றுதான் கண்டடைந்தார். 'பூட்டிய கதவைத் திறக்க ஆள்.' இதே வட்டாரத்தில் ஏழு மாதமாகத் தேடல் ஏறுமுகம். போட்டி: பூஜ்யம்.

"பார்த்தியா? ஏழு மாசமா இந்த ஏரியாவுல பூட்டுத் திறக்க ஒருத்தனும் இல்லையாம்!"

"ஏன் இல்லைன்னு அதுகிட்டயே கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"காரணமெல்லாம் சொல்லாது. டேட்டா மட்டும்தான்."

"சரி, நம்ம வாசக்கதவு? வெளியிலேர்ந்து சாவி சுத்தவே மாட்டேங்குது. மூணு மாசமா கத்தறேன்."

"ஒரு ஆளுக்குத் தேவைன்னா அதுக்குப் பேரு சந்தை இல்லம்மா."

இன்று காலை பக்கத்தை வெளியிட்டார். இருபது ஆண்டு அனுபவம், பூட்டின் வரலாறு, நல்ல பூட்டுக்காரரின் பத்து இலக்கணங்கள். தொலைபேசி எண் கொடுக்கவில்லை. ஆட்கள் கூப்பிட்டால் எழுத்து கெடும்.

பத்தரை மணிக்கு மனைவிக்கு ஓர் அலுவலகத்தில் நேர்காணல். அந்த வீட்டில் சம்பளம் வர இருந்த ஒரே வழி அது. கிளம்பியவள் பாதிப் படியில் நின்றாள். சான்றிதழ்க் கோப்பு மேசைமேலேயே இருந்தது. திரும்பி வந்தாள். இழுத்துச் சாத்திய கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. சாவி சுற்றவில்லை. தட்டினாள், இடித்தாள், ஆறு முறை கைப்பேசியில் அழைத்தாள். அவர் காதில் வெளிச்சத்தம் நுழையாத ஹெட்போன். கைப்பேசி மௌனத்தில். வேறு வழியின்றி இணையத்தில் ஆள் தேடினாள். ஒரே ஒரு பக்கம் வந்தது.

பின்னறையில் பக்கத்தின் வாசகர் எண்ணிக்கை ஒன்றானது. பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் வாசகர்! ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். கடைசி வரி வரை வந்து கருத்தும் எழுதிவிட்டார்:

"வெளியில நிக்கிறேன். சர்ட்டிபிகேட் மேசை மேல இருக்கு. கதவைத் திறங்க."

எந்த மேசை என்று வாசகர் தெளிவாக எழுதியிருக்கலாம். ஆயினும் அவர் நெகிழ்ந்துபோய் உடனே பதிலிட்டார்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. இது பலருக்கும் உள்ள பிரச்சினை. தொடர்ந்து இணைந்திருங்கள்."

அடுத்த கருத்து வந்தது.

"நான் உங்க பொண்டாட்டி."

ஓடினார். உள்ளேயிருந்து ஒரே திருப்பு. ஏழு மாத ஆய்வில் அவர் திறந்த முதல் பூட்டு. மணி பத்து நாற்பது.

"ஒரு குரல் குடுத்திருக்கக்கூடாதா?" என்றார்.

அவள் உள்ளே போனாள். கோப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதுதான் திரும்பினாள்.

"உங்க சாஃப்ட்வேர் பொய் சொல்லலைங்க. இந்த ஏரியாவுல பூட்டுத் திறக்க ஒரு ஆளும் இல்ல."