கொம்புச்சாமி அடக்கிய காளை

அந்த வருஷம் சாணார்பட்டிப் பக்கம் மழை வரவில்லை, கொம்புச்சாமி வந்தார். "முரட்டு மாட்டுக்கு ஒரே மந்திரம்!" என்று ஆட்டோவில் மைக் கட்டி அலறினார்கள். அவ்வளவுதான், பத்து ஊர்ச் சனம் டிராக்டர் பிடித்து வந்துவிட்டது.

சாமியை வரவழைத்தவள் பேச்சியம்மாள். எருவுக்காக வயல்வெளிகளில் கிடை போடும் நாற்பது மாடுகளுக்குச் சொந்தக்காரி. அவளுடைய கிடையின் பொலிகாளை பஞ்சாயத்துப் பிரமுகர் மாயாண்டியை முட்டிவிட்டது. பருவத்துக்கு வந்த பசு பக்கத்தில் நிற்கும்போது குறுக்கே டிவிஎஸ் வண்டியை விட்டால் எந்தக் காளைதான் கும்பிடு போடும்? ஆனாலும், அடக்கு, இல்லாவிட்டால் கறிக்கு அனுப்பு என்று ஊர் சொல்லிவிட்டது. கன்றிலிருந்து வளர்த்த காளை. கறிக்கு அனுப்ப மனசில்லாமல் பேச்சியம்மாள் சாமிக்கு ஆள் அனுப்பினாள்.

சாமி கண்ணை மூடினார். "முனி பிடிச்சிருக்கு. மூணு நாளைக்குத் தனியாக் கட்டு. வேற மாடு கண்ணுல படக்கூடாது. மூணாம் நாள் நான் ஓதுறப்ப கிடைய ஓட்டியா. தட்சணையா அந்தச் செவலைக் கிடேரியக் குடுத்துரு."

கண்ணை மூடிக்கொண்டே கிடையின் உசத்தியான கிடேரியைக் கண்டுபிடித்தார். ஞானக்கண் அல்லவா!

தனிமையில் காளை மண்ணைக் கிளறியது, கத்தியது, கயிற்றை இழுத்தது. "பாத்தியா முனிய!" என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மூன்றாம் நாள் சாமி ஓதினார். கிடையைக் காணோம். வழியில் எவர் வீட்டுச் சோளக்காட்டிலோ புகுந்துவிட்ட மாடுகளோடு மேய்ப்பவர் சங்கிலி மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். சாமி மந்திரத்தை மூன்று முறை முதலிலிருந்து சொன்னார். காளை சீறியது. சாமிக்கு வியர்த்தது.

"கிடை எங்கத்தா?"

பேச்சியம்மாளுக்குச் சந்தேகம் சுருக்கென்றது. "முனி காளைமேலதான சாமி இருக்கு? கிடை எதுக்கு? கிட்டப் போயி துன்னூறு பூசி விடுங்க."

சாமி இரண்டடி பின்னால் போனார். "சகுனம் சரியில்ல."

அப்போது மணிச்சத்தம் கேட்டது. கிடை வந்துகொண்டிருந்தது. சாமி அவசரமாக வாயைத் திறந்தார்.

"செத்த நேரம் வாய மூடுங்க சாமி. மந்திரம் இல்லாம என்ன ஆகுதுன்னு பாத்துருவோம்" என்றாள் பேச்சியம்மாள்.

மாடுகள் காளையைச் சூழ்ந்தன. காளை முகர்ந்து பார்த்தது, பெருமூச்சு விட்டது, ஒரு பசுவின் கழுத்தை நக்கியது. பேச்சியம்மாள் தானே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். அது கிடையோடு நடந்துவிட்டது.

"அப்ப நான் ஓட்டியாந்த மாடுதான் மந்திரமா ஆத்தா?" என்றார் சங்கிலி. சனம் சிரித்த சிரிப்பில் சாமி ஆட்டோவைத் தேடினார்.

மூன்று நாள் அதைத் தவிக்கவிட்டது தான்தான் என்று பேச்சியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் நின்ற மாயாண்டியிடம் திரும்பினாள்.

"காளை எங்கயும் போகாது மாமா. இனிமே மாடு நின்னா நீங்க வண்டியச் சுத்தி ஓட்டுங்க."

தன் கூட்டத்தில் சேர்ந்ததும் காளைக்குப் புத்தி திரும்பியது. கூட்டத்தில் சேர்ந்ததும் நமக்கு மட்டும் அது ஏனய்யா காணாமல் போகிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.