சூடு வருது!

கேமரன் மலையில் வியர்வையை யாரும் நம்பமாட்டார்கள். ஊரே கம்பளிக்குள் நடுங்கும்போது ஒருத்திக்கு மட்டும் முதுகு நனைந்தால் சந்தேகம்தான் வரும். எனக்கே என்மேல் வந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாதவிலக்கு தடுமாறத் தொடங்கியதிலிருந்து, திடீர் திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு சூடு கிளம்பி உச்சந்தலைக்கு ஏறும். தூக்கம் போயிற்று. காரணமில்லாமல் அழுதேன். எட்டாம் வாய்ப்பாடு பாதியில் மறந்தது. (பிள்ளைகளுக்குப் பரம சந்தோஷம்.) பைத்தியம் பிடிக்கிறது என்றே முடிவுகட்டிவிட்டேன். தானா ராத்தா டவுனில் இருந்த லேடி டாக்டர், 'அதெல்லாம் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வாரம் ஒருமுறைதான் ராணுவத் துணையோடு லாரி டவுனுக்குப் போகும். நான் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய அன்று காலை கேட்டில் வரிசையாக நின்றோம். காட்டுக்கு அரிசியோ மருந்தோ கடத்துகிறோமா என்று சோதனை. என் முறை வந்தது. சொல்லிவைத்தாற்போல அதுவும் வந்தது.

"ஐயோ, சூடு! சூடு வருது! தள்ளுங்க, தள்ளுங்க!"

காட்டுப் பக்கம் நின்றவர்களைக் கையால் விலக்கினேன். கொஞ்சம் காற்று வரட்டும் என்றுதான்.

"சுடுறானுங்கடா! படுங்க!" என்று பின்னால் யாரோ அலறினார். மலாய்க்காரக் காவலர் "தியாராப்!" என்று கத்தி, குப்புறப் படுப்பது எப்படியென்று தானே விழுந்து காட்டினார். வரிசை மொத்தமும் சேற்றில். வெள்ளைக்காரத் துரை லாரிக்கு அடியில். எந்த ஆபத்திலும் என்னைக் கைவிடாத என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முந்தி விழுந்திருந்தார். நான் மட்டும் நின்றபடி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

துரை எழுந்து வந்து சீறினார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் கேட்டார்.

"சூடு எங்கேருந்து வந்துச்சு டீச்சர்?"

"உள்ளேருந்து."

"தோட்டத்துக்கு உள்ளேருந்தா?"

"என் ஒடம்புக்கு உள்ளேருந்து, கிராணி. எனக்கு... எல்லாம் நின்னுபோற வயசு."

கிராணிக்குக் காது சிவந்தது. அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, துரை தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். சேற்றிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "இதுக்கா லா எங்கள சேத்துல உருள விட்டீங்க?"

லாரிப் பயணம் ரத்தானது. அன்று செத்துப்போனால் தேவலை என்று நினைத்தேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தேன்.

அடுத்த வாரம் லேடி டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்து, "வயசுதான். போகப் போகச் சரியாயிடும்" என்றார். போகப் போக என்றால் எத்தனை காலம் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாவதற்கு வருஷக்கணக்கில் ஆயிற்று.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது காப்பியை நீட்டி "சூடு" என்றால் பேரப்பிள்ளைகள் குப்புறப் படுத்துவிடும். போன மாதம் என் மகள் அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "எனக்கும் சூடு வருதும்மா" என்றாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.