மாறிய இடம் மட்டும்

விரல் ஒரு பக்கம் போக, கோடு ஆடி அசைந்து பின்னால் வந்தது. போனில் படம் வரைகிற ஆப் எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிட மானக்கேடு வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கோடு விரலோடு ஓடாவிட்டால் வேலை பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரன் இப்போதே அனுதாபமாகப் பேச ஆரம்பித்திருந்தான்.

ஒரு கை பார்த்துவிடுவது என்று ஞாயிறு விடிந்ததும் இவன் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டான். சமையலறையிலிருந்து மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் "ஒரு நிமிஷம்" என்றான்.

கோளாறு பிடிபட்டது. விரல் இம்மி நகர்ந்தாலும் ஆப் மொத்தப் படத்தையும் மறுபடி தீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சட்டையில் கறை பட்டதற்கு அலமாரித் துணி அத்தனையையும் துவைக்கிற கதை. இனிமேல் மாறிய இடம் மட்டும், விரலுக்கு அடியில் இருக்கிற சின்னச் சதுரம் மட்டும் புதிதாகும்படி மாற்றி எழுதினான். சோதித்துப் பார்க்க மனைவியை அழைத்துப் போனைக் கொடுத்தான்.

"எதையாவது வரை. நான் பார்க்கணும்."

"வரைஞ்சா பார்ப்பீங்களா?"

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்து, வளைத்து ஒரு கோடு போட்டாள். அந்தச் சின்னச் சதுரத்தை மட்டும் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோடு விரலோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குள் கோட்டின் நுனிக்குக் கீழே புள்ளி புள்ளியாக விழுந்தது.

"இந்தப் புள்ளி எங்கேருந்து வருது?"

"காலையிலேருந்து நானும் அதைத்தானே கேக்கறேன்."

சதுரங்களின் ஓரத்தில் குப்பை தங்குகிறது என்று முடிவுகட்டினான். தனியாக நிற்கிற புள்ளிகளை ஆப்பே அழித்துவிடும்படி செய்தான். எங்கோ போய்விட்டு வந்த மனைவி மறுபடி வரைந்தாள். இப்போது புள்ளிகள் கொழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. அவள் கை வேறு ஈரம். ஈரக்கையோடு தொட்டால் திரை தாறுமாறாகத்தான் நடக்கும் என்று கடிந்துகொண்டான். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டை எடுத்தாள். துண்டும் ஈரம்.

அவன் விடுவதாக இல்லை. சதுரத்தைப் பெரிதாக்கினான். மூன்றாவது முறை, படத்தின் அடிப்பக்கம் முழுக்க நீலம்.

"அடியில பரவுதே," என்றான் கலக்கத்தோடு.

"ஆமாங்க. இப்பவாவது கண்ணுல பட்டுதே."

"பட்டுடுச்சு. நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்."

அவள் முகம் மலர்ந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அவன் மறுபடி லேப்டாப்புக்குள் தலையை விட்டான்.

பரவுவதை நிறுத்த ஒரே வழிதான் தோன்றியது. விரல் நகரும்போதெல்லாம் மொத்தப் படத்தையும் மறுபடி தீட்ட வேண்டியதுதான். தீட்டவைத்தான். நீலம் இருந்த இடத்திலேயே இருந்தது. கோடு பழையபடி ஆடி அசைந்து வந்தது. போன் கையைச் சுட்டது. வேலை போகப்போகிறது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர், பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். வெளியாள் கண்ணுக்காவது தெரியட்டும் என்று, அவர் வாயைத் திறக்குமுன் போனை நீட்டினான்.

"சார், இதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் படத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"படத்துல ஒரு தப்பும் இல்ல தம்பி. உங்க சமையலறைக் குழாய், சொட்டற தண்ணி, தரையில தேங்கினதுன்னு உங்க வீட்டம்மா தத்ரூபமா வரைஞ்சிருக்காங்க. மீதிப் படம் எங்க வீட்டுக் கூரையில இருக்கு, வந்து பாருங்க."